அகலக்கால் வைக்காதீர்கள்: டெலிமார்க் ஸ்கீ தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

குதிகாலைப் பூட்டாமல் பனியில் சறுக்கும் முறைக்கு டெலிமார்க் என்று பெயர். அதற்காக நான் வாங்கிய முதல் ஸ்கீப் பலகையின் இடையகலம், அதாவது நடுப்பகுதியின் அகலம், 108 மில்லிமீட்டர். பருவ முடிவுத் தள்ளுபடியில் பாதி விலைக்குக் கிடைத்தது. பார்ப்பதற்கும் படகுபோலக் கம்பீரமாக இருந்தது. அடுத்த ஜனவரியில், ஒஸ்லோ நகருக்கு மேலே இருக்கும் திரீவான் சரிவில், இரவு விளக்கு வெளிச்சத்தில் அதை மாட்டிக்கொண்டு இறங்கினேன். ஒரு வாரமாகப் புதுப்பனி விழவில்லை. தரை கண்ணாடியாக உறைந்திருந்தது. முன்கால் சொன்னதைக் கேட்டது. பின்கால் தன் பாட்டுக்கு வேறு ஊருக்குப் புறப்பட்டது. மூன்றாவது திருப்பத்தில் முழங்கால் தரையில் மோதியது. அதன் பிறகு இரண்டு வாரம், மாடிப்படி ஏறும்போதெல்லாம் அந்தத் தள்ளுபடியை நினைத்துக்கொண்டேன்.

“அகலக்கால் வைக்காதே” என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னது கடன் வாங்குவதைப் பற்றி. ஸ்கீ வாங்குவதற்கும் அது சொல்லுக்குச் சொல் பொருந்தும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஓரளவு பனிச்சறுக்கு தெரிந்து, டெலிமார்க்குக்கு மாற நினைக்கிறவர்களுக்காகவும், மாறிய பிறகு “எனக்கு மட்டும் ஏன் வரவில்லை” என்று குழம்புகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். மேலே ஏற்றிவிடும் லிஃப்ட் இருக்கும் சரிவுகளுக்கும், லிஃப்ட் இல்லாத மலைகளுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். சொல்லைப் பற்றி ஒன்று: நோர்வேக்காரர்கள் இதை “ஷீ” என்றுதான் உச்சரிக்கிறார்கள், பிளந்த மரக்கட்டை என்பது அந்தச் சொல்லின் பழைய பொருள். நமக்குப் பழகிய “ஸ்கீ” என்றே இங்கே வைத்துக்கொள்கிறேன்.

பின்கால் என்ன செய்கிறது?

வழக்கமான ஆல்ப்பைன் சறுக்கில் பூட்ஸின் முனையும் குதிகாலும் பலகையோடு பூட்டப்பட்டிருக்கும். டெலிமார்க்கில் முன்பாதம் மட்டும்தான் பிடிப்பில் இருக்கும், குதிகால் விடுதலை. திரும்பும்போது ஒரு கால் முன்னே போகும். மற்றக் கால் பின்னே தங்கி, குதிகால் உயர்ந்து, முழங்கால் மடங்கும். மண்டியிடப் போய்ப் பாதியில் நின்றுவிட்டவரைப் போன்ற தோற்றம். தெற்கு நோர்வேயின் டெலிமார்க் மாவட்டத்தில், மோர்கெடால் என்ற சிற்றூரில் 1825இல் பிறந்த சோண்ட்ரே நோர்ஹெய்ம் இந்த ஆட்டத்தைப் புகழ்பெறச் செய்தார். 1868இல், 42 வயதில், அன்று கிறிஸ்தியானியா என்று அழைக்கப்பட்ட ஒஸ்லோவுக்கு வந்து போட்டியில் வென்று நகரத்தாரை வாய்பிளக்க வைத்தார். நடுவில் குறுகி முனையிலும் வாலிலும் அகன்ற பலகைகளை அவர் பயன்படுத்தினார். அந்த இடைக்குறுக்கம்தான் இன்றுவரை ஸ்கீயைத் திருப்புகிறது.

இப்போது உங்கள் பின்காலைக் கவனியுங்கள். குதிகால் மேலே நிற்பதால், பலகையை அழுத்துவது விரல்களுக்குக் கீழே இருக்கும் அந்த உள்ளங்கை அகல இடம் மட்டுமே. ஸ்கீ செய்கிற நிறுவனமோ முழுப் பாதமும் அழுத்தும் என்று கணக்குப் போட்டுத்தான் பலகையை வடிவமைத்திருக்கிறது. பலகை அகலமாக இருந்தால் பின்காலால் அதை விளிம்பில் நிறுத்த முடியாது. விறைப்பாக இருந்தால் பின்காலால் அதை வளைக்க முடியாது. மிக மெலிதாக இருந்தால், முன்பாதத்துக்குக் கீழே குவியும் இழுவிசையைத் திருகுகள் தாங்காது. இனி வரும் எல்லாப் படிகளும் இந்த மூன்றிலிருந்துதான் கிளைக்கின்றன. முன்காலுக்கு எந்த ஸ்கீயும் சரிவரும். தேர்வு செய்ய வேண்டியது பின்கால்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். “டெலிமார்க் ஸ்கீ” என்று தனியாக ஒரு பொருள் இன்று கடைகளில் அநேகமாக இல்லை. ஆல்ப்பைன் சரிவுக்கோ மலையேற்றத்துக்கோ செய்த ஸ்கீயை எடுத்து, பூட்ஸைப் பலகையோடு பிடித்துவைக்கும் டெலிமார்க் பைண்டிங்கைப் பொருத்திக்கொள்கிறோம். ஆகவே “இது டெலிமார்க்குக்கு நல்லதா?” என்று விற்பனையாளரைக் கேட்டால் பாதிப் பேர் “ஆமாம்” என்பார்கள், மீதிப் பேர் விழிப்பார்கள். நீங்களே பார்க்கக் கற்றுக்கொள்வதுதான் வழி.

முதல் படி: போன பருவத்தின் கணக்கை எடுங்கள்

கனவில் எங்கே சறுக்குகிறீர்கள் என்பது வேண்டாம். போன குளிர்காலத்தில் எங்கே சறுக்கினீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். இருபது நாளில் பதினேழு நாள் லிஃப்ட் சரிவில், மூன்று நாள் மலையில் என்றால் நீங்கள் சரிவுக்காரர். வட நோர்வேயின் லிங்கன் மலைகளில் கடலைப் பார்த்தபடி இறங்கும் ஒளிப்படம் சுவரில் தொங்குவது இந்தக் கணக்கில் சேராது. நான் அந்தக் கணக்கைப் போடாமல்தான் 108ஐ வாங்கினேன்.

அதே தாளில் பனியின் குணத்தையும் எழுதுங்கள். இயந்திரம் சீவிச் சமன்படுத்திய கடினப் பனியா, காற்று அடித்து இறுக்கியதா, பகலில் உருகி இரவில் மேலே ஓடு கட்டியதா, முழங்கால்வரை பொடியா? ஓடு கட்டிய பனியை இங்கே “ஸ்காரே” என்பார்கள். அதில் ஒரு திருப்பம் போட்டவர்களுக்கு அந்தச் சொல்லின் கசப்பு தெரியும்.

இரண்டாம் படி: பூட்ஸும் பைண்டிங்கும் முதலில், ஸ்கீ கடைசியில்

பணம் குறைவாக இருந்தால் பூட்ஸில் போடுங்கள். பாதத்துக்குப் பொருந்தாத பூட்ஸோடு எந்த ஸ்கீயும் நன்றாக இருக்காது. பூட்ஸ் எந்த முறையைச் சேர்ந்தது என்பதை வைத்துப் பைண்டிங் அமையும். பைண்டிங்கின் வலுவை வைத்துத்தான் எவ்வளவு அகலமான ஸ்கீயை உங்களால் ஆள முடியும் என்பது அமையும்.

முறைகள் அடிப்படையில் இரண்டு. பழையது 75 மில்லிமீட்டர் முறை. பூட்ஸின் முன்னால் வாத்தின் அலகுபோல ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். பைண்டிங் அதைக் கவ்வும். ப்ரோர் வித் என்பவர் 1927இல் கொண்டுவந்த ரொத்தஃபெல்லா பைண்டிங்கிலிருந்து வந்த வழி இது. ரொத்தஃபெல்லா என்றால் எலிப்பொறி. பார்த்தால் பெயர்க்காரணம் விளங்கிவிடும். இன்று பெரும்பாலும் குதிகாலைச் சுற்றி வரும் கம்பியும் சுருள்வில்லும் அதோடு சேர்ந்திருக்கும். எளிமையானது, மலிவானது, பழைய சந்தையில் நிறையக் கிடைக்கும். ஆனால் விழும்போது கழன்று கொடுக்காத வகைகளே அதிகம்.

புதியது என்.டி.என். (நியூ டெலிமார்க் நார்ம்) முறை, 2007இல் அதே ரொத்தஃபெல்லா நிறுவனம் வெளியிட்டது. அலகு கிடையாது. பூட்ஸின் அடியில், பாத வளைவுக்குக் கீழே இரண்டாவது குதிகால்போல ஒரு மேடு இருக்கும். சுருள்வில் அங்கே பிடித்து இழுக்கும். பக்கவாட்டு ஆட்டம் குறைவதால் அகலமான பலகையை விளிம்பில் நிறுத்துவது எளிது. அமெரிக்காவின் ட்வென்டி-டூ டிசைன்ஸ் செய்யும் அவுட்லா, லிங்ஸ், பிரான்ஸில் செய்யும் மெய்ஜோ எல்லாம் இந்தப் பக்கம். லிங்ஸிலும் மெய்ஜோவிலும் முன்னால் இரண்டு ஊசிகள் பூட்ஸின் முனையைப் பிடித்துக்கொள்ளும். ஏறும்போது சுருள்வில்லின் எதிர்ப்பு இல்லாமல் கால் கதவுக்கீல்போல ஆடும். அதற்கேற்ற துளை உள்ள பூட்ஸ் வேண்டும். வாங்கும்போது பூட்ஸின் முனையைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.

இன்று புதிதாகத் தொடங்குகிறவர் என்.டி.என். வாங்குவதே நல்லது என்பது என் கருத்து. 75க்கு உயிரைக் கொடுக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. பூட்ஸ் இயல்பாக மடியும் சுகம் அதில்தான் என்பார்கள், அது உண்மையும்கூட. ஆனால் இனி வரும் நல்ல பூட்ஸ்களில் அநேகமானவை எந்த முறைக்கு வருகின்றன என்பதைக் கடை அலமாரியே சொல்லிவிடும்.

எவ்வளவு எதிர்ப்புத் தரும் பைண்டிங் வேண்டும் என்பதும் ஸ்கீயோடு சேர்ந்த கேள்வி. சில பைண்டிங்குகளில் வில்லின் பிடியிடத்தை முன்னும் பின்னும் மாற்றலாம். பிடியிடம் பின்னே போகப்போக, குதிகால் உயரும்போது முன்பாதத்தை அது பலகையோடு அதிகமாக அழுத்தும். அகலமான, கனமான ஸ்கீக்கு அந்த அழுத்தம் வேண்டும். குறுகிய, மென்மையான ஸ்கீக்கு அது தேவையில்லாத சுமை.

மூன்றாம் படி: அகலம்

ஸ்கீயின் மேல் மூன்று எண்கள் இருக்கும்: முனை, இடை, வால். 130–95–115 என்றால் நடுவில் 95 மில்லிமீட்டர். நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது நடு எண்.

அகலம் ஏன் கடினம்? பூட்ஸின் நடுக்கோட்டிலிருந்து எஃகு விளிம்பு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, பலகையைச் சாய்க்க அவ்வளவு நெம்பவேண்டும். குதிகால் பூட்டிய காலுக்குக் கணுக்கால், முழங்கால், இடுப்பு எல்லாம் ஒரே தண்டாக நின்று நெம்பும். டெலிமார்க்கின் பின்காலுக்கு அந்தத் தண்டு நடுவில் மடிந்த குடைபோல. 108க்கும் 90க்கும் உள்ள 18 மில்லிமீட்டர் வித்தியாசம் தாளில் ஒன்றுமில்லை. உறைந்த சரிவில் அதுதான் எல்லாம்.

என் அனுபவத்தில் தேறிய அளவுகள் இவை. சீவிய, கடினமான சரிவில்தான் பெரும்பாலான நாட்கள் என்றால் 78 முதல் 88 வரை. சரிவும் அதன் ஓரங்களில் கிடைக்கும் புதுப்பனியும் கலந்தது என்றால் 88 முதல் 97 வரை. லிஃப்ட் இல்லாத மலைக்கு, நோர்வேயின் காற்றடித்த பனிக்கு, 88 முதல் 100 வரை போதும். யூட்டாவின் வாசாட்ச் மலையிலோ ஜப்பானின் ஹொக்கைதோவிலோ இடுப்பளவுப் பொடியில் வாழ்பவர் 105, 110 என்று போகலாம். அவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது.

ஆல்ப்பைன் சறுக்கும் நண்பர் 100 வைத்திருந்தால், அதே மலைக்கு நீங்கள் 92 அல்லது 94 எடுங்கள். பொடிப்பனியில் மூழ்கிவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். திரும்பும்போது டெலிமார்க்காரரின் இரு பலகைகளும் முன்னும் பின்னுமாக நீள்வதால், எடை ஒரே இடத்தில் இறங்காமல் நீளத்தில் பரவிவிடுகிறது. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்களே, அந்த அளவுதான்.

மறுபக்கமும் உண்டு. இடை 75 மில்லிமீட்டருக்கும் குறைவான பலகையில் பெரிய பிளாஸ்டிக் பூட்ஸைப் போட்டால், நன்றாகச் சாயும்போது பூட்ஸின் பக்கம் பனியில் உரசி விளிம்பைத் தூக்கிவிடும். பைண்டிங்கின் கீழே உயர்த்தும் தகடு வைத்துச் சமாளிக்கலாம்.

இந்த வரிசைக்கு வெளியே இருப்பது நோர்வேக்காரர் “ஃபியெல்ஷீ” என்று சொல்லும் மலைநடை ஸ்கீ. ஊஸ்னெஸ் நிறுவனத்தின் காம்மெ 54 என்ற மாதிரியில் 68–54–61. ஹார்டாங்கர்விட்டா பீடபூமியில் கூடாரத்தை இழுத்துக்கொண்டு நாள்கணக்கில் போவதற்கு அது. நடுவில் வில்போல விறைப்பாக உயர்ந்திருப்பதால் வழுக்கிச் செல்லும்போது நடுப்பகுதி பனியைத் தொடாது; அந்த உயர்ச்சியே திருப்பத்துக்கு எதிரி. “டெலிமார்க்கும் போடலாம்” என்று சொல்லித் தருவார்கள். போடலாம், பாட்டனார்கள் போட்டார்கள். நீங்கள் இறங்குவதற்காகவே ஏறுகிறவர் என்றால் வேண்டாம். இரண்டுக்கும் நடுவே ஃபிஷரின் எஸ்-பவுண்ட் 112 போல (112–78–95), அடியில் மீன்செதில் வரிகள் உள்ள வகை ஒன்று உண்டு. மேடுபள்ளமான காட்டில், ஏறும்போது வழுக்காமலிருக்க அடியில் ஒட்டும் தோல் இல்லாமலே ஏறி இறங்க மிகவும் நல்லது. செங்குத்தில் அந்தச் செதில் வழுக்கும்.

நான்காம் படி: நீளம்

இதற்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. கையை உயர்த்தினால் மணிக்கட்டைத் தொட வேண்டும் என்ற பழைய கணக்கு நேரான மரப்பலகைகளின் காலத்தது. இன்று ஸ்கீயை நிறுத்திப் பக்கத்தில் நின்றால், மூக்குக்கும் உச்சந்தலைக்கும் இடையில் முனை வரட்டும். தொடங்குகிறவர் மூக்குப் பக்கம், வேகக்காரர் தலைப் பக்கம். அடர்ந்த பிர்ச் காட்டில் இறங்குகிறவர் சில சென்டிமீட்டர் குறைக்கலாம். முனையில் ராக்கர், அதாவது படகுபோல மேலெழும் வளைவு, நிறைய இருந்தால் பனியைத் தொடும் நீளம் குறையும் என்பதால் சற்றுக் கூட்டலாம். மலைநடை ஸ்கீ மட்டும் உயரத்தைவிட 15, 20 சென்டிமீட்டர் நீளமாக வரும்.

உயரத்தைவிட எடை முக்கியம். 180 சென்டிமீட்டர் உயரமும் 62 கிலோ எடையும் உள்ளவருக்கும், அதே உயரத்தில் 90 கிலோ உள்ளவருக்கும் ஒரே பலகையைக் கொடுத்தால், ஒருவருக்கு அது கடப்பாரை, மற்றவருக்குத் தென்னோலை.

ஐந்தாம் படி: கையால் வளைத்துப் பாருங்கள்

கடையில் நான் தவறாமல் செய்வது இது, கூச்சப்படாதீர்கள். ஸ்கீயின் வாலைத் தரையில் ஊன்றுங்கள், கம்பளம் இருந்தால் நல்லது. இடக்கையால் முனையைப் பிடியுங்கள். வலது உள்ளங்கையைப் பலகையின் நடுவில், அடிப்பக்கம் உங்களைப் பார்க்காதபடி வைத்து, மெல்ல அழுத்துங்கள். கண்ணைப் பக்கவாட்டில் வைத்து அந்த வளைவைப் பாருங்கள். முனையிலிருந்து வால்வரை ஒரே வட்டத்தின் பகுதிபோல, வில் வளைவதுபோல வந்தால் அது உங்கள் ஸ்கீ. முனை மட்டும் துவண்டு, நடுவிலிருந்து வால்வரை அசையாமல் நின்றால் அதைத் திரும்ப அலமாரியில் சாய்த்துவிடுங்கள்.

பிறகு வாலைத் தனியாக அழுத்துங்கள். வேகப் போட்டிக்குச் செய்த ஸ்கீகளில் வால் மிக விறைப்பாக இருக்கும். குதிகாலை அழுத்தித் திருப்பத்தை முடிக்கிற ஆல்ப்பைன்காரருக்கு அது உதைத்தெழும் விசையைத் தரும். குதிகாலே இல்லாத உங்கள் பின்காலுக்கு அந்த வால் வளையவே வளையாது. திருப்பத்தின் கடைசியில் பலகை நேராக ஓடிவிடும். கால்கள் அகன்று, இடுப்பு திறந்து, நீங்கள் விழுவது அங்கேதான்.

உள்ளே என்ன இருக்கிறது என்பதும் இதே கேள்விதான். மரக்கருவோடு டைட்டனால் என்ற அலுமினியக் கலவைத் தகடு இரண்டடுக்காக முழு நீளத்துக்கும் போட்டிருந்தால், கடினப் பனியில் அதிர்வு அடங்கும், ஆனால் பின்காலுக்குக் கனமும் விறைப்பும் அதிகம். நடுப்பகுதியில் மட்டும் தகடு வைத்த வகை சரிவுக்காரருக்கு நல்ல சமரசம். கார்பன் எடையைக் குறைக்கும்; ஆனால் உறைந்த பனியில் தகரக் கூரைமேல் மழை விழுவதுபோலத் தடதடக்கும். சாம்பல் மரம், பாப்லர் மரம் கலந்த சாதாரணக் கரு உள்ள பலகைகள் விளம்பரத்தில் மின்னுவதில்லை. டெலிமார்க்காரர் கடைசியில் வந்து சேர்வது பெரும்பாலும் அவற்றிடம்தான்.

ஆறாம் படி: வில்லும் படகும்

ஸ்கீயைச் சமதரையில் வைத்தால் நடுப்பகுதி மேலே உயர்ந்து நின்றால் அது கேம்பர்; வில். முனையோ வாலோ படகின் மூக்குபோல முன்கூட்டியே மேலெழுந்தால் அது ராக்கர். டெலிமார்க்குக்குக் காலடியில் அளவான கேம்பர், முனையில் கொஞ்சம் ராக்கர், வாலில் மிகக் கொஞ்சம் அல்லது இல்லவே இல்லை என்பது பாதுகாப்பான தேர்வு. முனையின் ராக்கர், பின்னே இழுபட்டு வரும் பலகை பனிக்குள் குத்திக்கொள்ளாமல் காப்பாற்றும். முழுக்க ராக்கர் உள்ள வாழைப்பழ வடிவம், குதிகால் விடுதலையாக இருக்கும்போது முன்னும் பின்னும் ஊஞ்சலாடும். காலுக்குக் கீழே நிலையான ஒரு தளமே இருக்காது.

திரும்பும் ஆரம், அதாவது பலகை சாய்ந்து போடும் வளைவின் ஆரம், 15 முதல் 20 மீட்டர்வரை இருக்கட்டும். 12 என்று மிகக் குறைவாக இருந்தால் முன்பலகை ஒரு வட்டம் போட, பின்பலகை இன்னொரு வட்டம் போடும். ஒன்றன் மூக்கு மற்றதன் வாலில் ஏறும் காட்சி, பார்ப்பவருக்கு வேடிக்கை.

ஏழாம் படி: எடை, ஏறுகிறவர்களுக்கு மட்டும்

லிஃப்டில் போகிறவர் இதைத் தாண்டிவிடலாம். ஒரு பலகை 1,700 முதல் 2,000 கிராம்வரை இருந்தால் குறையில்லை, கனம் அதிர்வை அடக்கும்.

ஏறுகிறவர் ஒரு கணக்குப் போடுங்கள். ஐந்து கிலோமீட்டர் ஏற்றப் பாதை, ஒரு காலடிக்கு 70 சென்டிமீட்டர் என்றால் ஏழாயிரத்துச் சொச்சம் காலடிகள். ஒவ்வொரு பலகையும் 300 கிராம் கூடுதல் என்றால், உச்சிக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு டன்னுக்கு மேல் அதிகமாக முன்னே தள்ளியிருப்பீர்கள். அதனால் 1,200 முதல் 1,500 கிராம் என்பது மலைக்கு ஏற்ற எடை. அதற்கும் கீழே 1,000 கிராமை நெருங்கும் பந்தயப் பலகைகளைத் தொடாதீர்கள். காரணம் அடுத்த படியில் வருகிறது. அதை நான் நடந்தே கற்றுக்கொண்டேன்.

எட்டாம் படி: திருகுகள்

காவ்ஸ்தா மலையின் பின்பக்கம், மார்ச் மாதம். 1,883 மீட்டர் உயரம், டெலிமார்க் மாவட்டத்திலேயே உயர்ந்த சிகரம். ஏற்றம் இறகுபோல இருந்தது, ஏனென்றால் புதிதாக வாங்கிய என் ஸ்கீ இறகுபோல இருந்தது. இறக்கத்தில் காற்றடித்த மேட்டில் முனை குத்தியது, நான் முன்னால் விழுந்தேன், காய்ந்த குச்சி ஒடிவதுபோல ஒரு சத்தம். எழுந்து பார்த்தால் பைண்டிங் பூட்ஸோடு இருக்கிறது. ஸ்கீ பத்து மீட்டர் கீழே கிடக்கிறது. திருகுகள் நான்கும் வெள்ளைத் துகளோடு அப்படியே பிடுங்கிக்கொண்டு வந்திருந்தன. ஆறு கிலோமீட்டர், தொடைவரை பனி, ஒற்றைக் காலில் ஸ்கீ.

நடந்தது இதுதான். ஆல்ப்பைனில் பைண்டிங்கின் முனையும் குதியும் தனித்தனியாகப் பூட்டப்பட்டுச் சுமையைப் பகிர்ந்துகொள்ளும், விழுந்தால் கழன்றும் கொடுக்கும். டெலிமார்க்கில் முன்னோக்கி விழும்போது முழு உடலும் ஒரு நெம்புகோலாகி, முன்பாதத்தின் கீழே இருக்கும் சில திருகுகளைப் பிடுங்கப் பார்க்கும். இலகுவான பலகைகளில் திருகு பிடிக்கும் வலுவூட்டிய பகுதி சிறியது. அதுவும் ஆல்ப்பைன் பைண்டிங்கின் துளைகள் வரும் இடத்தில்தான் இருக்கும். டெலிமார்க் துளைகள் அதற்கு வெளியே விழுந்துவிடலாம்.

ஆகவே வாங்குமுன் இரண்டு கேள்விகள்: வலுவூட்டிய பகுதி எங்கிருந்து எங்குவரை? டெலிமார்க் பைண்டிங் போட்டால் உத்தரவாதம் செல்லுமா? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பொருத்தும் இடம் பற்றி நிறையச் சண்டை உண்டு. நவீன ஸ்கீகளில் பூட்ஸின் நடுவுக்கான குறி ஒன்று பலகையிலேயே இருக்கும். பூட்ஸின் நடுக்கோட்டை அதன்மேல் வைப்பது சரியான தொடக்கம். பொடிப்பனியிலேயே வாழ்கிறவர் ஒரு சென்டிமீட்டர் பின்னே தள்ளலாம். மலைநடை ஸ்கீயில் மட்டும் பழைய முறை: பலகையை ஒரு விரலின் மேல் வைத்து, சாயாமல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து, முன்விரல்களின் ஊசிவரிசையை அங்கே வைப்பார்கள்.

நீங்களே துளையிடுவதானால்: உலோகத் தகடு இல்லாத பலகைக்கு 3.5 மில்லிமீட்டர் துளை, தகடு உள்ளதற்கு 4.1, ஆழம் 9 மில்லிமீட்டர். ஆழத்தில் நின்றுவிடும் சிறப்பு முனையைப் பயன்படுத்துங்கள்; கை மதிப்பில் போனால் அடிப்பக்கம் வெளியே வந்துவிடும். துளைக்குள் ஒரு துளி நீர்புகாப் பசை. திருகை முதலில் பின்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி, “டக்” என்று மரை விழும் இடத்தைக் கண்டுபிடித்து, பிறகு உள்ளே விடுங்கள். சரியான திருப்புளி போசிட்ரைவ் மூன்றாம் எண். வீட்டில் இருக்கும் சாதாரண நட்சத்திரத் திருப்புளி தலையைச் சிதைத்துவிடும்.

ஒன்பதாம் படி: கூடவே வாங்க வேண்டியவை

ஏறுவதற்கு அடியில் ஒட்டும் தோல்கள் பலகையின் வடிவத்துக்கு வெட்டப்பட வேண்டும். இருபுறமும் எஃகு விளிம்பு மட்டும் வெளியே தெரியட்டும். மொஹேர் ஆட்டுமயிர் வழுக்கும், எடை குறைவு. நைலான் நன்றாகப் பிடிக்கும், நாள்பட உழைக்கும். இரண்டும் கலந்ததை வாங்குங்கள். தோலின் கொக்கி வாலில் மாட்டும் என்பதால் வால் தட்டையாக இருக்க வேண்டும். உருண்டு மேலெழுந்த வாலில் கொக்கி பாதி வழியில் நழுவும். தட்டையான வாலைப் பனியில் குத்தி நிறுத்தவும் முடியும்.

பல டெலிமார்க் பைண்டிங்குகளில், கழன்ற பலகை ஓடிவிடாமல் பிடிக்கும் பிரேக் இல்லை. லிஃப்ட் சரிவில் காலோடு இணைக்கும் வார் கட்டாயம் வேண்டும். கழன்ற ஒரு பலகை கீழே நிற்கும் குழந்தையை நோக்கிப் பாய்வதை யாரும் பார்க்க விரும்பமாட்டார்கள். பனிச்சரிவு அபாயம் உள்ள இடத்தில் கதை தலைகீழ். காலோடு கட்டியிருக்கும் பலகை நங்கூரம்போல உங்களை உள்ளே இழுக்கும். 30 பாகைக்கு மேல் சாய்ந்த சரிவுகளிலும் அவற்றின் அடிவாரத்திலும் போகிறவர், கழன்று கொடுக்கும் பைண்டிங்கைத் தேடுவதற்கு அது ஒன்றே போதுமான காரணம். பனியில் புதைந்தவரைத் தேடும் கருவி, துழாவுகோல், மண்வெட்டி மூன்றும், அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த ஒரு துணையும் இல்லாமல் போகாதீர்கள். நோர்வேயில் வார்ஸொம் என்ற அரசு முன்னறிவிப்பு, குளிர்காலத்தில் அன்றன்றைய அபாயத்தை ஒன்றிலிருந்து ஐந்துவரை தரம் பிரித்துச் சொல்கிறது.

பத்தாம் படி: பழையதா, புதியதா?

முதல் ஜோடியைப் பழையதாக வாங்குங்கள் என்பேன். மாடு வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோலப் பாருங்கள். விளிம்பில் விரல் நகத்தை ஓட்டினால் எங்காவது வெடிப்புத் தட்டுகிறதா? பக்கச் சுவருக்கும் மேல்தகட்டுக்கும் இடையில் காகிதம் நுழையும் இடைவெளி இருக்கிறதா? இரண்டு பலகைகளையும் அடியோடு அடி சேர்த்து அழுத்தினால் ஒரே அளவாக மூடுகின்றனவா? மிக முக்கியம், பழைய துளைகள். புதிய துளை பழையதிலிருந்து ஒரு சென்டிமீட்டராவது தள்ளி வர வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை பைண்டிங் மாற்றிய பலகை சல்லடைதான். விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

ஒரே ஜோடியில் சரிவும் மலையும் இரண்டும் வேண்டும் என்பவருக்கு என் பதில்: இடை 90 முதல் 95வரை, ஒரு பலகை 1,500 கிராமுக்கு அருகில், வில்போல ஒரே சீரான நெகிழ்வு, தட்டையான வால், மூக்குக்கும் உச்சந்தலைக்கும் நடுவில் நீளம், ஏறும் வசதியுள்ள என்.டி.என். பைண்டிங். இரண்டிலும் சிறந்ததாக இராது. ஆனால் இரண்டிலும் உங்களைக் கைவிடாது. பணம் சேர்ந்தபின் இரண்டாவது ஜோடியாக அகலமானதை வாங்கிக்கொள்ளுங்கள்; என் 108 இப்போதும் நிலவறையில் இருக்கிறது, வருடத்தில் நான்கு நாள் வெளியே வரும், அந்த நான்கு நாளும் அது ராஜா.

முதல் நாள்

புதுப் பலகையோடு நேரே மலைக்குப் போகாதீர்கள். அரை நாள் எளிய சரிவில் ஓட்டுங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் பின்காலின் சின்னவிரல் பக்கம் பலகையை உணர்கிறீர்களா என்று மட்டும் கவனியுங்கள். அது வழுக்கினால் முதலில் பைண்டிங்கின் வில்லை இன்னும் ஒரு நிலை இறுக்குங்கள், பிறகு விளிம்பைக் கூர் தீட்டிப் பாருங்கள். இரண்டும் உதவாவிட்டால்தான் ஸ்கீயைக் குறைசொல்லுங்கள். மாலையில் வீட்டுக்கு வந்ததும் பனியைத் துடைத்துவிட்டு, மூன்றாம் எண் திருப்புளியை எடுத்து ஒவ்வொரு திருகையும் தொட்டுப் பாருங்கள். பசை இறுகி அசையாமல் இருக்க வேண்டும். ஏதாவது ஒன்று கால் சுற்றுப் போகிறதென்றால், அதைக் கழற்றிப் பசையிட்டு மீண்டும் போட்டு, இரவு முழுவதும் கணப்பறையில் காயவிடுங்கள். மலை அடுத்த வாரமும் அங்கேயே இருக்கும்.